பெரிய வீரர்கள்தான் கோல்ஃப் மைதானத்தை வரைகிறார்களா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி வேளச்சேரியிலிருந்து, சிவில் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். “சார், ஜாக் நிக்லஸ், டைகர் உட்ஸ் எல்லாம் கோல்ஃப் மைதானம் வடிவமைக்கிறார்கள் என்கிறார்கள். இவர்கள் இன்ஜினியர்கள் இல்லையே. உண்மையிலேயே இவர்களே வரைகிறார்களா, பெயரை மட்டும் கொடுக்கிறார்களா?”

இரண்டும் நடக்கிறது தம்பி. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சேப்பாக்கத்திலும் சரி, மெல்போர்னிலும் சரி, பிட்ச் 22 கெஜம்தான். கோல்ஃபில் குழியின் விட்டம் 4.25 அங்குலம் என்று விதி உண்டு. ஆனால் அந்தக் குழிக்குப் போகிற வழி எப்படி இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. மேடு எங்கே, பங்கர் என்கிற மணல் பள்ளம் எங்கே, குளம் எங்கே, எல்லாம் வடிவமைப்பவர் கையில். அதனால்தான் ஆடத் தெரிந்தவரைக் கூப்பிடுகிறார்கள்.

இது பழைய வழக்கம். ஸ்காட்லாந்தின் ஓல்ட் டாம் மோரிஸ், ஓபன் என்கிற பெரிய கோல்ஃப் போட்டியின் பட்டத்தை 4 முறை வென்றவர், கடைசியாக 1867-இல். அவரே செயின்ட் ஆண்ட்ரூஸில் புல்லையும் பராமரித்தார், பல ஊர்களுக்குப் போய் மைதானமும் அமைத்தார். மண்ணோடு புழங்கிய கை அது.

இன்றைக்கு அப்படி இல்லை. வீரரின் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கும். மண் பரிசோதனை, வடிகால், பாசனக் குழாய், வரைபடம் எல்லாவற்றையும் அங்கே படித்த ஆட்கள் செய்வார்கள். வீரர் நேரில் வந்து நடந்து பார்த்து, “இந்த பங்கரைக் கொஞ்சம் தள்ளு” என்பார். அவர் எத்தனை முறை வர வேண்டும் என்பதைக்கூட ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது உண்டு. சிலர் ஒவ்வொரு கிரீனின், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையின், சரிவையும் உட்கார்ந்து விவாதிப்பார்கள். சிலர் திறப்பு விழாவோடு சரி.

நிக்லஸ் முதல் வகை. மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் 18 பட்டம் வென்றவர், ஆனாலும் பீட் டை என்ற மைதான வடிவமைப்பாளரோடு சேர்ந்துதான் இந்தத் தொழிலைக் கற்றார். 1969-இல் திறந்த ஹார்பர் டவுன் மைதானம் அந்தக் கூட்டணியில் வந்தது. அப்படிப்பட்டவர் மேலும் ஒரு விமர்சனம் வந்தது. உயரமாக எழும்பி, இடமிருந்து வலமாக வளைந்து இறங்கும் பந்து அவருடைய கைவந்த அடி. அவருடைய ஆரம்பகால மைதானங்கள் அந்த அடிக்கே வசதியாக இருக்கின்றன என்றார்கள். பெரிய வீரருக்கு வருகிற சிக்கலே இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆட வருகிற அறுபது வயதுக்காரரின் பந்து எங்கே விழும் என்பது அவருக்குத் தோன்றாது.

அதற்குத்தான் ஆலிஸ் டை என்ற பெயரைச் சொல்ல ஆசைப்படுகிறேன். பீட் டையின் மனைவி, சிறந்த அமெச்சூர் வீராங்கனை. புளோரிடாவில் டிபிசி சாக்ராஸ் மைதானத்தின் 17-ஆவது குழி, தண்ணீருக்கு நடுவே தீவு மாதிரி இருக்குமே, அது அவருடைய யோசனை. அங்கே நல்ல மணல் கிடைத்ததால் தோண்டித் தோண்டி எடுத்துவிட்டார்கள், பெரிய பள்ளம்தான் மிஞ்சியது. தண்ணீரை விட்டுவிடலாம் என்றார் அவர். பெண்களின் அடி எவ்வளவு தூரம் போகுமோ அதற்கேற்ற டீ, அதாவது முதல் அடி அடிக்கும் இடம், வேண்டும் என்றும் விடாமல் வாதாடினார்.

கூட்டு சேர்ந்தால் நன்றாக வரும் என்பதற்கு பென் கிரென்ஷா என்ற வீரரும் சாட்சி. 1995-இல் இரண்டாவது முறை மாஸ்டர்ஸ் என்ற மேஜர் பட்டத்தை வென்றார். பில் கூர் என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து அவர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணல்மேடுகளில் அமைத்த சாண்ட் ஹில்ஸ் திறந்ததும் அதே ஆண்டுதான். மண்ணை அதிகம் புரட்டாமல், நிலம் காட்டிய வழியிலேயே போனார்கள்.

சரி, இன்ஜினியருக்கு என்ன வேலை என்றால், அதைத்தான் நீங்கள் வேளச்சேரியில் ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறீர்களே. தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே வடியும்? அமெரிக்க கோல்ஃப் சங்கம் சொல்கிற முறையில் கிரீன் என்பது வெறும் புல் இல்லை. மேலே சுமார் 12 அங்குலம் மணல் கலவை, அதற்குக் கீழே 4 அங்குலம் ஜல்லி, அடியில் வடிகால் குழாய். இந்த அடுக்கு சரியாக அமையாவிட்டால் எந்த சாம்பியனின் பெயரைப் போட்டும் பயனில்லை.

நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டியே ஒரு மைதானம் இருக்கிறது. அனுமதி கிடைத்தால், பெருமழை விட்ட மறுநாள் காலையில் போங்கள். ஆட்டத்தை விடுங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். பார்த்ததை எழுதி அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் பேசலாம்.