ஞாயித்துக்கிழமை ஊசிக்கும் லீவு

(பெங்களூரு அல்சூர்ல நடந்த பொங்கல் விழா மேடையில பேசுனது. வர முடியாதவங்க கேட்டதால எழுதி வெச்சிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். எல்லரிகூ நமஸ்கார.

மேடையில இருக்குற சங்கத் தலைவர் அய்யா அவர்களே, இந்த விழாவுக்காக வருஷா வருஷம் மார்கழி பூரா தூக்கத்த விட்டு ஓடுற செயலாளர் அண்ணன் அவர்களே, கோலப் போட்டிக்கு நடுவரா வந்து வெயில்ல நின்னு ஒவ்வொரு கோலத்தையும் குனிஞ்சு பாத்து மார்க் போட்ட டாக்டர் அம்மா அவர்களே, கோலார் தங்கவயல்ல இருந்து விடியக்காலை ரயில் புடிச்சு வந்திருக்குற பெரியவர் அய்யா அவர்களே, அவர்கிட்ட தமிழ் படிச்ச பிள்ளைங்க இந்த ஹால்லயே நாலஞ்சு பேர் இருக்கீங்க, கொஞ்சம் முன்னாடி எழுந்து நின்னு கும்பிட்டத பாத்தேன், மனசு நெறஞ்சுது. சிறப்பு விருந்தினரா வந்திருக்குற கன்னட எழுத்தாளர் சார், நாங்க கூப்பிட்ட உடனே மறு பேச்சு இல்லாம வந்தீங்க, தும்பா தன்யவாதகளு. மர்பி டவுன், ஸ்ரீராம்புரம், லிங்கராஜபுரம்னு வந்திருக்குற சொந்தங்களுக்கும், சர்ஜாபூர் ரோடு, பெல்லந்தூர் பக்கம் இருந்து அந்த டிராஃபிக்க தாண்டி வந்திருக்குற ஐடி தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம். காலைல பொங்கல் பானைக்கு அடுப்பு மூட்டுனதுல இருந்து இப்ப வரைக்கும் உட்காராத சமையல் குழு அக்காக்களுக்கு ஒரு கைத்தட்டு குடுத்துட்டு ஆரம்பிக்கலாம். பலமா தட்டுங்க, அவங்க உள்ள இருக்காங்க, கேக்கணும்.

மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். ஒண்ணு, நோயாளி வாயால அவங்க அனுபவத்த கேட்டு பண்ற ஆராய்ச்சின்னா என்ன. ரெண்டு, நோயாளிய வீட்டுல பாத்துக்கறவங்க படுற பாடு. மூணு, நம்ம பிள்ளைங்க இந்த துறைக்கு எப்படி வரலாம்.

எங்க அம்மா எதுக்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லுவாங்க, தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாதான் தெரியும்னு. நான் ரெக்கார்டர தூக்கிட்டு வீடு வீடா போய் உட்காந்து நோய் வந்தவங்க பேசுறத கேக்குற வேலை பாக்குறேன், குவாலிட்டேட்டிவ் ரிசர்ச்னு சொல்லுவாங்க, தமிழ்ல பண்புசார் ஆய்வு. அந்தப் பழமொழிக்கு நான் பாத்த பெரிய சாட்சி ஆக்ஸ்ஃபோர்டுல இருக்கு. அங்க ஆன் மெக்ஃபெர்சன்னு ஒரு டாக்டர் அம்மா, அவங்களுக்கே மார்புல புற்றுநோய் வந்துச்சு. ஆண்ட்ரூ ஹெர்க்ஸ்ஹைமர்னு ஒரு மருந்தியல் நிபுணர், முழங்கால் மாத்துற ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர். வாழ்நாள் பூரா மருத்துவத்துலயே ஊறுனவங்க ரெண்டு பேரும், அவங்களுக்குத் தெரியாத மருந்தா, புரியாத ரிப்போர்ட்டா, ஆனா தனக்குன்னு வந்தப்ப இதே நோய் வந்த இன்னொரு மனுஷங்க கிட்ட பேசணும் போல இருந்துச்சு, அதுக்கு ஒரு இடம் இல்ல. அப்புறம் அவங்களே ஒரு வெப்சைட் ஆரம்பிச்சாங்க. 2001-ல அதுக்கு டிப்பெக்ஸ்னு பேரு, இப்ப ஹெல்த்டாக். ஒவ்வொரு நோய்க்கும் சுமார் நாப்பது பேர், சின்ன வயசு பெரிய வயசு, காசு இருக்கறவங்க இல்லாதவங்க, குணமானவங்க ஆகாதவங்கன்னு எவ்வளவு வித்தியாசமா முடியுமோ அவ்வளவு வித்தியாசமா தேடிப் போய், அவங்க வீட்டுலயே உட்காந்து பேச்ச பதிவு பண்றாங்க. ஜெர்மனி, ஜப்பான், ஸ்பெயின்னு பல நாட்டுல அதே வழியில பண்றாங்க.

இதுல கேள்வித்தாள் கிடையாது, ஆமா இல்லன்னு டிக் அடிக்கறது கிடையாது. உங்களுக்கு முதல்ல ஏதோ சரியில்லன்னு எப்ப தோணுச்சு, அங்க இருந்து சொல்லுங்கன்னு ஒரு கேள்வி. அப்புறம் நாம வாய மூடிக்கணும். பேசுறவங்க நிறுத்துனா உடனே அடுத்த கேள்விய போடக்கூடாது, அந்த மௌனத்துக்கு அப்புறம்தான் நிஜம் வெளிய வரும். பேசுனத வார்த்தைக்கு வார்த்தை டைப் பண்ணி அவங்க கிட்டயே திரும்ப குடுப்போம், இந்த வரி வேணாம்னா அடிச்சிடலாம், அது அவங்க சொத்து. அப்புறம் வரிவரியா படிச்சு எது எது எத்தனை பேர் வாயில திரும்பத் திரும்ப வருதுன்னு பிரிச்சு அடுக்கணும், புதுசா எதுவும் வரலைன்னு ஆகுற வரைக்கும் ஆள் தேடிப் போய்க்கிட்டே இருக்கணும்.

நாப்பது பேர் சொன்னா அது ஆராய்ச்சியான்னு ஒரு தம்பி வாசல்ல கேட்டார். நல்ல கேள்வி. மகாராஷ்டிரால கட்சிரோலின்னு ஒரு மாவட்டம், அங்க ராணி பங், அபய் பங்னு டாக்டர் தம்பதி, ரெண்டு கிராமத்துல 650 பெண்கள பரிசோதிச்சு 1989-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல எழுதுனாங்க, 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண்நோய் இருந்துச்சு, அதுக்கு முன்னாடி அதுக்காக பரிசோதனைக்குப் போனவங்க வெறும் 8 சதவீதம். உலகமே அசந்துபோன கணக்கு அது, அது வேணும். ஆனா அத்தனை பேரும் ஏன் வாய தொறக்கல, புருஷன் கிட்ட, மாமியார் கிட்ட, நர்ஸ் கிட்ட சொல்ல எது தடுத்துச்சுன்னு கேட்டா, அதுக்கு அந்தப் பெண்கள் பக்கத்துல போய் உட்காந்துதான் ஆகணும்.

இப்ப நான் சொல்லப் போற அக்கா இந்த ஊர்க்காரங்க. சொல்றதுக்கு சம்மதம் வாங்கிட்டேன், அடையாளம் தெரியாம சில விவரங்கள மாத்திட்டேன், எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. ஒரு பெரிய அப்பார்ட்மெண்ட்ல சமையல் வேலை. காலைல ஆறரைக்கு போவாங்க, சாயங்காலம் மறுபடி போவாங்க. சுகர், ரெண்டு வேளை இன்சுலின். மாசத்துல ஒரு திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும், வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும். ஒவ்வொரு தடவையும் சுகர் 300-அ ஒட்டி நிக்கும். டாக்டர் திட்டுவாரு. ஞாயித்துக்கிழமை பிரியாணியா, சொந்தக்காரங்க வீட்டு கல்யாணமான்னு கேப்பாரு. அக்கா தலைய குனிஞ்சுக்குவாங்க. டாக்டர் ஊசி அளவ கொஞ்சம் கூட்டி எழுதுவாரு. அடுத்த மாசம் மறுபடி அதே கதை, மறுபடி கூட்டுவாரு. நோட்டுல வாய்க்கட்டுப்பாடு இல்லன்னு எழுதியாச்சு.

நடுவுல புதன், வியாழன் ஆச்சுன்னா அக்காவுக்கு கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், ஒரு நாள் அடுப்பு முன்னாடியே மயங்கி விழுந்துட்டாங்க. வேலை குடுத்த அம்மா நல்லவங்க, சர்க்கரைத் தண்ணி குடுத்து உட்கார வெச்சாங்க, ஆனா அவங்களுக்கும் ஒண்ணும் புரியல.

நான் ஸ்ரீராம்புரத்துல அவங்க வீட்டுக்குப் போனப்ப ஒரே ரூம், கட்டிலுக்கு அடியில தண்ணி குடம், மேல பாத்திர ஸ்டாண்ட். ரொம்ப நேரம் பேசுனாங்க. முதல்ல எல்லாம் டாக்டர் கிட்ட சொல்ற மாதிரியே சொன்னாங்க, ஊசி போடுறேன்மா, சரியா போடுறேன்மான்னு. சரி கெளம்பலாம்னு ரெக்கார்டர எடுக்க கை நீட்டுறேன், டீ போட எழுந்தவங்க அடுப்பு பக்கம் திரும்பிக்கிட்டே சொல்றாங்க, "ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு ரெண்டு லீவும்மா. வேலைக்கும் லீவு, ஊசிக்கும் லீவு."

நீட்டுன கைய அப்படியே வெச்சிருக்கேன். ஊசிக்கு எதுக்குக்கா லீவு?

வீட்டுல ஃபிரிட்ஜ் இல்ல! ஊசி மருந்த ஃபிரிட்ஜ்லதான் வெக்கணும்னு மருந்து குடுக்கற இடத்துல கண்டிப்பா சொல்லிட்டாங்க. அதனால வேலை செய்யுற வீட்டு ஃபிரிட்ஜ்ல, கதவுல முட்டை வெக்கிற குழி இருக்குல்ல, அதுல ஒரு சின்ன டப்பாக்குள்ள போட்டு வெச்சிருக்காங்க. காலைல போன உடனே எடுத்து யுட்டிலிட்டில வாஷிங் மெஷின் பக்கத்துல நின்னு போட்டுக்குவாங்க, சாயங்காலமும் அதே இடம். ஞாயித்துக்கிழமை அந்த வீட்டுக்கு எப்படி போறது? லீவு அன்னைக்கு போய் பெல் அடிச்சா அவங்க தூங்கிட்டு இருப்பாங்க, ஃபிரிட்ஜ்ல இடம் குடுத்ததே பெரிய விஷயம், அதையும் வேணாம்னுட்டா என்ன பண்றதுன்னு பயம். ஞாயிறு ஊசி இல்லைன்னா திங்கக்கிழமை காலைல சுகர் ஏறாம என்ன பண்ணும்? அத பாத்துட்டு டாக்டர் அளவ கூட்டுறாரு, கூட்டுன அளவு செவ்வாய்ல இருந்து சனி வரைக்கும் ஒழுங்கா உள்ள போகுது, சுகர் அடியில விழுகுது, அக்காவும் விழுறாங்க. மருந்தே ஆள சாய்க்கப் பாத்திருக்கு, பிரியாணி இந்தக் கதையில எங்கயுமே இல்ல.

இதுல இன்னொண்ணு கேளுங்க. தொறந்து பயன்படுத்திட்டு இருக்குற இன்சுலின் பாட்டில் வெயில், அடுப்புச் சூடு படாத இடத்துல, ரூம் முப்பது டிகிரிய தாண்டாம இருந்தா, சுமார் நாலு வாரம் வெளியவே தாங்கும். புது பாட்டிலத்தான் ஃபிரிட்ஜ்ல வெக்கணும், அதுவும் ஃப்ரீசர்ல வெச்சு உறைஞ்சுட்டா கெட்டுப் போச்சு. நம்ம ஊர்ல வெயில் காலத்துக்கு ஈர மணல் போட்ட மண்பானைக்குள்ள இன்னொரு சின்ன பானைய வெச்சு, அதுல பாட்டில தண்ணி படாம வெச்சா போதும். உங்க மருந்துக்கு உங்க டாக்டர ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அந்த அக்கா சம்மதத்தோட இத எழுதி டாக்டர் கிட்ட குடுத்தோம், அவர் படிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் அளவ பழையபடி குறைச்சு எழுதுனாரு, மண்பானைக்கு சரின்னாரு. அவர் மேல குத்தம் சொல்ல மாட்டேன், வாசல்ல அவ்வளவு பெரிய க்யூ நிக்குறப்ப ஒருத்தருக்கு ரெண்டு மூணு நிமிஷம், அதுல யார் வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்குன்னு எங்க கேக்குறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாதான் தெரியும், சரி, எல்லா நோயும் எல்லா டாக்டருக்கும் வர முடியாது. அதனாலதான் வந்தவங்கள கேட்டு எழுதி வெக்கணும்னு கத்திக்கிட்டு இருக்கோம்.

ரெண்டாவது விஷயத்துக்கு வரேன். வெளிய ஏரிக்கரை பக்கம் 2009-ல தொறந்து வெச்ச நம்ம வள்ளுவர் சிலை இருக்கு. மருந்து அதிகாரத்துல கடைசி குறள்ல அவர் நாலு சொல்றாரு, நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்துல இருந்து மருந்த குடுத்து பாத்துக்கற ஆளு. நாலாவது ஆளையும் வைத்தியத்துல சேத்து எண்ணுனவர் அவர். அந்த நாலாவது ஆளு பெரும்பாலும் யாருன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். மகளா இருப்பாங்க, மருமகளா இருப்பாங்க. இந்த ஊர்ல உங்க அப்பா அம்மாவுக்கு கஞ்சி வெச்சு, கை புடிச்சு பாத்ரூம் கூட்டிட்டுப் போறது பாதி வீட்டுல வேலைக்கு வர்ற ஒரு அக்கா. அவங்களுக்கு காய்ச்சல் வந்தா யார் பாத்துக்கறாங்க?

இங்கதான் நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், ரொம்ப நாளா எல்லா மேடையிலயும் கேட்டுக்கிட்டு இருக்கேன். நான் பேசுன வீட்டு வேலை அக்காக்கள் ஒருத்தர் விடாம சொல்றது, ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்கு சம்பளம் போயிடும்னு. 2023-ல இருந்து சக்தி திட்டத்துல பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீ, ரொம்ப நல்ல திட்டம், ஆஸ்பத்திரி வரைக்கும் காசு இல்லாம போயிடலாம். ஆனா அந்த நாள் கூலிய யார் குடுக்குறது? ஈ.எஸ்.ஐ.ங்கிற அரசு காப்பீடு இருக்குற ஃபேக்டரி தொழிலாளிக்கு உடம்பு சரியில்லன்னா வருஷத்துல 91 நாள் வரைக்கும் 70 சதவீதம் சம்பளம் வரும். ஐடி கம்பெனில சிக் லீவுக்கு ஒரு மெயில் போட்டா முடிஞ்சுது. வீட்டு வேலைக்கு கர்நாடகாவுல 2004-லயே குறைஞ்சபட்ச கூலி அறிவிச்சாங்க, உலக தொழிலாளர் அமைப்பு 2011-ல வீட்டு வேலை செய்யுறவங்களுக்குன்னே 189-ம் நம்பர் ஒப்பந்தம் போட்டுச்சு, இந்தியா அதுக்கு ஓட்டு போட்டுச்சு, ஏத்துக்கிட்டு கையெழுத்து இன்னும் போடல. டெல்லி கையெழுத்து போடுற வரைக்கும் நாம ஏன் காத்திருக்கணும், நம்ம வீட்டு கிச்சனுக்கு நாமதானே சட்டம்.

மாசத்துல ஒரு நாள், சம்பளத்தோட, ஆஸ்பத்திரி லீவு. அவ்வளவுதான் கேக்குறேன். காரணம் கேக்காம குடுங்க, சீட்டு காட்டுன்னு சொல்லாதீங்க, பெண்நோய்னா அவங்க உங்க வீட்டு சார் முன்னாடி எப்படி சொல்லுவாங்க, கட்சிரோலி கணக்க இப்பதானே சொன்னேன். மாத்திரை ஊசி ஃபிரிட்ஜ்ல வெக்கணும்னா வெச்சுக்கோங்கன்னு நீங்களா முந்திக்கிட்டு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கலாம்னும் சேத்து சொல்லுங்க. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாதான் தெரியும்னு உட்காந்திருக்காம, எதிர்ல நிக்குறவங்கள ஒரு வார்த்தை கேளுங்க.

செயலாளர் அண்ணன் கடிகாரத்த காட்டுறாரு, பறை அடிக்க தம்பிங்க வேற தயாரா நிக்குறாங்க. மூணாவது விஷயத்த, படிக்கிற பிள்ளைங்க யாருக்காவது வேணும்னா சாப்பாட்டு பந்திக்கு அப்புறம் என்கிட்ட வாங்க, நின்னு பேசுறேன். வாசல்ல செருப்பு விடுற இடத்துக்கு பக்கத்துல ஒரு மேஜை போட்டிருக்கோம், தலைவர் அய்யா அனுமதி குடுத்தாரு, அவருக்கு நன்றி, முதல் கையெழுத்தும் அவரோடதுதான். ஃபார்ம்ல ரெண்டே வரி, எங்க வீட்டுல வேலை செய்யுறவங்களுக்கு மாசம் ஒரு நாள் சம்பளத்தோட ஆஸ்பத்திரி லீவு குடுக்குறோம், எங்க அப்பார்ட்மெண்ட் கமிட்டிலயும் இத பேசுறோம்னு. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணுலயும் இருக்கு. பந்திக்கு போறதுக்கு முன்னாடி போட்டுட்டுப் போங்க, பேனா அங்கயே கட்டி வெச்சிருக்கு. வணக்கம்.