பழைய கழுக்கோலில் ஒரு பாஸ் கிட்டார்

[காட்சி: தரையில் ஒரு பிளைவுட் பலகை. நடுவில் நீளமாக ஒரு பென்சில் கோடு.]

வணக்கம். இந்தக் கோட்டோட நீளம் 864 மில்லிமீட்டர், அதாவது 34 இஞ்ச். பாஸ் கிட்டார்ல நட்டுல இருந்து, அதாவது தலைப்பக்கம் கம்பி ஏறி உக்கார்ற கட்டையில இருந்து, உடம்புப் பக்கம் கம்பியைத் தாங்கற பிரிட்ஜ் வரைக்கும் கம்பி துடிக்கிற தூரம் இதுதான். 1951-ல ஃபெண்டர் கம்பெனி பிரெசிஷன் பாஸைக் கொண்டு வந்தப்போ வச்ச அளவு. இன்னைக்கும் கடையில இருக்கிற பெரும்பாலான பாஸ் இதே அளவுலதான் வருது.

வீட்டுல பாஸ் செய்யணும்னு வர்றவங்க எடுத்ததும் கேக்கறது "எந்த மரம் போடலாம்?"னுதான். அது ரெண்டாவது கேள்வி. இந்தக் கோடு சரியா இல்லேன்னா தேக்கு போட்டாலும் ஈட்டி போட்டாலும் சுதி சேராது. அதனால முழு அளவுல படம் வரைஞ்சிட்டுத்தான் மில்லுப் பக்கமே போகணும்.

[காட்சி: கால்குலேட்டர், ஸ்டீல் ஸ்கேல், ஃபிரெட்போர்டு.]

ஃபிரெட்னா ஃபிரெட்போர்டுங்கற விரல் வைக்கிற பலகையில குறுக்கா பதிக்கிற உலோகக் கம்பி. அதோட கணக்கு சுலபம். மிச்சமிருக்கிற நீளத்தை 17.817 ஆல வகுத்துக்கிட்டே போகணும். 864-ஐ வகுத்தா 48.5. அது முதல் ஃபிரெட். மிச்சம் 815.5, அதை வகுத்தா 45.8. அது முதல் ஃபிரெட்டுல இருந்து ரெண்டாவதுக்குத் தூரம். இப்படியே போனா பன்னிரண்டாவது ஃபிரெட் சரியா பாதியில, 432-ல வந்து நிக்கணும். நிக்கலேன்னா கணக்கை மறுபடி பாருங்க.

ஆனா பலகையில குறிக்கும்போது ஒரு ஃபிரெட்டுல இருந்து அடுத்ததுக்கு அளக்காதீங்க. எல்லாத்தையும் நட்டுல இருந்தே கூட்டி, ஸ்கேலை நகர்த்தாம குறிங்க. இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் விழற அரை மில்லி பிசகு சேர்ந்து சேர்ந்து, இருபதாவது ஃபிரெட்டுல பெருசா நிக்கும். வீணையில மெட்டு மெழுகு மேல உக்காந்திருக்கு, இளக்கி நகர்த்திக்கலாம். இங்க ரம்பம் போட்டா போட்டதுதான்.

[காட்சி: தமிழக-கேரள எல்லையில், களியக்காவிளை பக்கம் ஒரு மர அறுப்பு மில். மழை.]

இப்ப மரம். நம்ம எல்லைப் பகுதிக்கு மரத்துக்குப் பஞ்சமில்ல. அயனி, அந்தப் பக்கம் ஆஞ்சிலிம்பாங்க, கேரளத்துச் சுண்டன் வள்ளமே அதுலதான் செய்யறாங்க. பலா இருக்கு, தஞ்சாவூர் வீணைக்குக் குடம் குடையறது அதுல. மகோகனி இருக்கு. ரப்பர் மரம் சொல்லவே வேண்டாம், ஆனா மருந்து ஏத்திப் பக்குவம் பண்ணாத ரப்பரை எடுக்காதீங்க, வண்டும் பூஞ்சையும் விடாது.

பாடிக்கு, அதாவது கிட்டாரோட உடம்புக்கு, இதுல எதுவும் போதும். எந்த மரத்துக்கு எந்த நாதம்னு மணிக்கணக்கா சண்டை நடக்கும். எலக்ட்ரிக் பாஸ்ல எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. கம்பி இரும்பு, அதோட அதிர்வை மின்சாரமாக்குற பிக்கப் காந்தம், காதுக்கு வர்றதுல பெரும்பங்கு அங்கேதான் முடிவாகுது. பாடி மரத்துல நான் பாக்கறது எடை மட்டும்தான். 45 மில்லி கனமான பாடி கிட்டத்தட்ட அஞ்சு லிட்டர் கன அளவு வரும். தேக்குல செஞ்சா பாடி மட்டும் மூணு கிலோவைத் தாண்டிரும். அதுமேல நெக்குங்கற கழுத்து, சுதி முறுக்கற டியூனர், பிரிட்ஜ். ஞாயித்துக்கிழமை ஆராதனை முழுக்க நின்னு வாசிக்கிற பையனோட தோளை நினைச்சுப் பாருங்க. அப்புறம் பாடியோட மேல் கொம்பு, தோள்பட்டி மாட்டற முனை, பன்னிரண்டாவது ஃபிரெட் வரைக்கும் நீளணும். குட்டையா விட்டா, கையை எடுத்ததும் நெக் தரையைப் பாத்துச் சாயும்.

காசும் பொறுமையும் போக வேண்டிய இடம் நெக்.

நாலு கம்பியையும் சுதி சேத்தா நெக்கை இழுக்கிற விசை சுமார் 75 கிலோ. ஒரு ஆள் ராப்பகலா அதுல தொங்கற மாதிரி. அதுக்கு மேல நம்ம ஊர் ஈரம். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மரம் நிம்மதியா காயறதுக்கு ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும்தான் நேரம். மழைக்காலத்துல மில்லுல இருந்து வந்த பலகையில நெக் செதுக்கி, ஏசி போட்ட சபைக்கு எடுத்துட்டுப் போனா என்ன ஆகும்? மரம் குறுக்குவாட்டுலதான் சுருங்கும், நீளத்துல சுருங்காது. ஃபிரெட் கம்பி சுருங்காது. ஃபிரெட்டோட முனை ரெண்டு பக்கமும் வெளியே துருத்திக்கிட்டு விரலைக் கிழிக்கும்.

அதனால நெக்குக்குப் பழைய மரம் தேடுங்க. ஓட்டு வீடு இடிக்கிற இடங்கள்ல தேக்கு, அயனி கழுக்கோல் (ஓட்டுக்கூரையைத் தாங்கற சாய்வுச் சட்டம்), நிலைக்கால் எல்லாம் விலைக்கு வரும். ஈரம் இருக்குமான்னு கேட்டதுக்கு ஒரு ஆசாரி சொன்னார்: "மக்களே, எங்க அப்பன் காலத்துல ஏத்துன கழுக்கோலு. இனி காயறதுக்கு அதுல என்ன கிடக்கு?" நியாயம்தான். ஆனாலும் ஈரமானி வச்சுப் பாருங்க. 10 சதவீதத்தை ஒட்டி இருந்தா ரொம்ப நல்லது. காந்தத்தைத் தடவி ஆணி இருக்கான்னும் பாருங்க, ரம்பப் பல்லு போயிரும்.

ஒரே துண்டுல செய்யாம, மூணு பட்டையா அறுத்து, நடுப்பட்டையைத் தலைகீழா திருப்பி ஒட்டினா முறுக்கிக்காது. முனையில தெரியற வளையக்கோடு ஃபிரெட்போர்டுக்குச் செங்குத்தா நிக்கட்டும். ஒட்டினதும் இழைக்கப் போகாதீங்க. கொஞ்சம் இழைச்சு, சில நாள் சும்மா சாய்ச்சு வைங்க, வளையறது வளையட்டும், அப்புறம் இழைங்க. நெக் வளையாம உள்ளே இறுக்கற இரும்புக் கம்பிதான் டிரஸ் ராடு. அதுக்குப் பள்ளம் எடுக்கிறப்போ கையில இருக்கிற ராடை அளந்து எடுங்க. தளர்ந்தா கம்பி அதிரும்போது ராடும் கடகடக்கும்.

ஃபிரெட்போர்டுக்கு ஈட்டி அருமை. பில்லோட வாங்குங்க. ஈட்டி, தேக்குத் தடியை எல்லை தாண்டிக் கொண்டுபோக வனத்துறைச் சீட்டு வேணும். பனை வைரத்துல செய்யலாமான்னு சிலர் கேக்கறீங்க. பாக்க அழகு, ஆனா ஃபிரெட் அடிக்கும்போது நார் நாரா பிரியும்.

[காட்சி: நெக்கைப் பாடி மேல் வைத்து, இரண்டு ஓரத்திலும் நூல் இழுத்துக் கட்டுகிறோம்.]

நெக்கை முதல்ல முடிங்க. அதோட அடிப்பாகத்தையே அச்சா வச்சுப் பாடியில குழி எடுங்க, விரலால தட்டி இறக்குற அளவுக்கு இறுக்கமா. பிரிட்ஜை உடனே திருகிடாதீங்க. தடிச்ச ஈ கம்பியும் மெல்லிய ஜி கம்பியும் போற வழியில நூல் கட்டி, ரெண்டு ஓரத்துலயும் ஒரே இடைவெளி இருக்கான்னு பாத்துட்டுத் துளை போடுங்க. பிரிட்ஜ்ல ஒவ்வொரு கம்பியும் உக்கார்ற துண்டுதான் சாடில். ஜி கம்பியோட சாடில் 864-ல நிக்கும்போது அதுக்குப் பின்னாடி நகர இடம் மிஞ்சணும். தடிச்ச கம்பிக்கு இன்னும் கொஞ்சம் நீளம் வேணும்.

வயரிங் பெரிய விஷயமில்ல. பிக்கப், சத்தத்துக்கும் டோனுக்கும் ரெண்டு 250 கிலோஓம் பாட் (திருகு), ஒரு 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், ஜாக். குழிக்குள்ள செம்புத் தாள் ஒட்டுங்க, பிரிட்ஜுக்கு அடியில எர்த் வயர் விடுங்க. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கினா வயர் சரி. ஒண்ணு கவனம்: அந்த வயர் வழியா உங்க கை ஆம்ப்ளிஃபயரோட எர்த்தைத் தொடுது. திருவிழா மேடையில மூணாவது பின்னை ஒடிச்ச பிளக்கைப் பாத்தா வாசிக்காதீங்க.

பாலிஷ் உங்க இஷ்டம். மழை நாள்ல மட்டும் லாக்கர் அடிக்காதீங்க, வெளிறிப் போகும்.

[காட்சி: கம்பி மாட்டிய பாஸ். டியூனர் செயலி.]

கம்பி மாட்டி, ஈ, ஏ, டி, ஜி சுதி சேத்து ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் ஈ கம்பியை முதல் ஃபிரெட்டுலயும் கடைசி ஃபிரெட்டுலயும் அமுக்கிப் பிடிச்சு, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல எவ்வளவு சந்துன்னு பாருங்க. 0.3 மில்லி போதும். கூட இருந்தா டிரஸ் ராடை இறுக்குங்க, கால் சுத்துக்கு மேல ஒரே தடவையில வேண்டாம். பன்னிரண்டாவது ஃபிரெட்டுல கம்பியோட உயரம் 2-ல இருந்து 2.5 மில்லி.

கடைசியா சாடில். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேல கம்பியை லேசா தொட்டு மீட்டுங்க, அப்புறம் அதே இடத்துல அமுக்கி மீட்டுங்க. அமுக்கினது சுதி ஏறி நின்னா சாடிலைப் பின்னாடி தள்ளுங்க, இறங்கினா முன்னாடி. ஈ கம்பியில பின்னாடி போக இடம் பத்தலேன்னா அந்தச் சாடிலோட ஸ்பிரிங்கைக் கழட்டிப் பாதியா வெட்டிப் போடுங்க. அப்பவும் பத்தலேன்னா பிரிட்ஜைக் கழட்டி, பழைய துளையில குச்சி வச்சு ஒட்டி, கொஞ்சம் தள்ளிப் புதுசா துளை போட வேண்டியதுதான்.