நான்காவது தந்தி

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு பேஸ் கிற்றார், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான மின் கிற்றார், வந்து சேர்ந்தது. கொழும்பில் வாங்கி, இரவு ரயிலில் மடியில் கிடத்தியபடி யாழ்ப்பாணம் கொண்டுவந்தேன். இருபது வருடங்களாக இசைக்குழுக்களில் பேஸ் வாசிக்கிறேன். இத்தனை காலமும் என் தோளில் தொங்கியது குழுவுக்குச் சொந்தமான வாத்தியம், இல்லையென்றால் இரவல் வாத்தியம். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள வந்த முதல் பேஸ் இதுதான். அதோடு பழகிய நான்கு வாரங்களைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். தயாரித்தவர் பெயரையும் விலையையும் விட்டுவிடுகிறேன். கையிலும் காதிலும் பட்டதைச் சொல்கிறேன்.

வீணை தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தந்தியைத் தாங்கும் குதிரை இதிலும் உண்டு, சுருதி கூட்டப் பிருடைகள் உண்டு, விரல் வைக்க மெட்டுகள் உண்டு. வீணையில் 24 மெட்டுகள், இதில் 20. தந்திகள் நான்கு. குதிரையிலிருந்து கழுத்தின் மேல்முனை வரை தந்தியின் நீளம் 34 அங்குலம். சாதாரண கிற்றாரைவிட எட்டு, ஒன்பது அங்குலம் கூட. நான்காவது தந்திதான் மிகத் தடித்தது. உருக்குக் கம்பியொன்றின் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள், மொத்தத் தடிப்பு இரண்டரை மில்லிமீற்றருக்கும் மேல் வரும். புதுத் தந்தி அரம் போல விரலைப் பிடிக்கிறது. முதல் நாள் இரவு விளக்கடியில் பார்த்தேன், அந்தச் சுற்றுகளின் வரிகள் சுட்டுவிரல் நுனியில் அப்படியே பதிந்திருந்தன.

அறைக் கதவைச் சாத்திவிட்டு, அம்ப்ளிபயரில் இணைத்து, எந்த மெட்டையும் அழுத்தாமல் நான்காவது தந்தியை ஒருமுறை மீட்டினேன். அது வினாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிரும் தந்தி. அவ்வளவு தாழ்ந்த ஓசையின் ஓர் அலை எட்டு மீற்றருக்கும் மேல் நீளமானது. என் அறையின் நீளம் மூன்றரை மீற்றர்தான். ஆகவே அறை முழுவதும் ஒரே அளவில் அது கேட்பதில்லை. கட்டிலருகே மெலிந்திருந்த சுரம் சுவர் மூலையில் பெருத்துக் கேட்டது. ஐந்தாவது மெட்டை அழுத்தி மீட்டியபோது பழைய அலுமாரியின் கண்ணாடி கிடுகிடுத்தது. ஆறாவது மெட்டுக்குப் போனேன், நின்றுவிட்டது. திரும்ப ஐந்துக்கு வந்தேன், மறுபடியும் கிடுகிடுப்பு. குசினியிலிருந்து வந்த அம்மா ஒன்றும் பேசாமல் அலுமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "தம்பி, இதற்குள்ளும் கேட்கிறது" என்றார்.

இந்த ஓசையைக் கேளாமலே வளர்ந்தவன் நான். 1990இல் போரினால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு வந்த வருடங்களைப் பற்றி என் வயதொத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் பாட்டுக் கேட்டோம். பெரியப்பாவின் மகன், நான் அண்ணா என்று அழைப்பவர், சுற்றுவார். நான் கசெற் பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு குந்தியிருப்பேன். அவருடைய கை தளர்ந்தால் பாடகரின் குரலும் தளர்ந்து கீழே இறங்கும். "அண்ணா, சுருதி விழுகிறது!" என்று கத்துவேன். மூச்சு வாங்கியபடி மறுபடியும் வேகம் கூட்டுவார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது உள்ளங்கையளவு ஒலிபெருக்கி. குரல் வந்தது, புல்லாங்குழல் வந்தது, வயலின் வந்தது. பாட்டின் அடியில் ஓடிய பேஸ் வரவில்லை. அவ்வளவு சிறிய ஒலிபெருக்கியால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. வரவில்லை என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. எத்தனையோ பாட்டுகளை அவற்றின் கீழ்ப்பாதியைக் கேட்காமலே மனப்பாடம் செய்தோம். பல வருடங்கள் கழித்து, ஒரு கலியாண வீட்டில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளின் முன்னால் நின்றபோது அந்தப் பழைய பாட்டுகளில் ஒன்று ஒலித்தது. பல்லவி முடிந்து பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில், கீழே ஒரு வாத்தியம் நான்கு படி இறங்கி வந்து அடுத்த அடியை அவர் கையில் கொடுத்தது. எனக்கு அது புதுப்பாட்டு. அன்றைக்கே பேஸ் பழகுவதென்று முடிவெடுத்துவிட்டேன்.

இந்த வாத்தியத்தை உலகத்துக்குக் கொடுத்தவர் ஒரு வானொலி திருத்துநர் என்பதை வானொலியிலேயே சொல்லக் கிடைத்தது எனக்கு மகிழ்ச்சி. கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த லியோ பெண்டர், கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். அதுவரை பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரவாத்தியம். தூக்கிச் செல்வது பெரும்பாடு, டிரம்ஸும் குழல்களும் சேர்ந்து முழங்கினால் அதன் ஓசை எடுபடாது. மெட்டும் கிடையாது, சுரம் சரியாக விழுவது விரலின் பழக்கத்தைப் பொறுத்தது. 1951இல் பெண்டர் மெட்டு வைத்த, தோளில் மாட்டக்கூடிய மின் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுரம் துல்லியமாக விழும் என்பதால் அதற்குப் 'பிரிசிஷன்' என்று பெயர். அவருக்கு முன்பே 1930களில் சியாட்டில் நகரில் போல் டுட்மார்க் என்பவர் இப்படியொன்றைச் செய்திருந்தார், ஆனால் அது பரவவில்லை. 1957இல் பிரிசிஷனின் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளை, இரண்டு துண்டாகப் பிரித்துப் புதிதாக அமைத்தார்கள். 1960இல் வந்த 'ஜாஸ்' பேஸில் இரண்டு பிக்கப்புகள். என்னிடம் வந்திருப்பது இந்த இரண்டு வகையும் கலந்தது. கழுத்துப் பக்கம் பிரித்த பிக்கப், குதிரைப் பக்கம் ஒற்றைச் சுருள் பிக்கப்.

அந்த ஒற்றைச் சுருள் இரைகிறது. இலங்கை மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, சுருள் அதையும் பிடித்துக்கொள்கிறது. நான்காவது தந்தியின் மூன்றாவது மெட்டில் பிறக்கும் சுரம் வினாடிக்கு 49 அதிர்வு. அதை மீட்டிவிட்டுக் கையை எடுத்தால், சுரம் தேய்ந்து போகும் இடத்தில் வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் அதன் அருகிலேயே நிற்கிறது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் தணிகிறது. பிரித்த பிக்கப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் இரண்டு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் ஒன்றின் இரைச்சலை மற்றது அழித்துவிடுகிறது. ஆகவே பெரும்பாலும் அதை மட்டும் திறந்து வாசிக்கிறேன். பேஸ் என்று நான் மனத்தில் வைத்திருக்கும் ஓசையும் அதுதான்.

புது வாத்தியம் குறையில்லாமல் வரும் என்று இளம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். இதில் பன்னிரண்டாவது மெட்டின் மேல் தந்தி மூன்று மில்லிமீற்றருக்கும் அதிகமாக உயர்ந்து நின்றது. எனக்கு இரண்டுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓர் உருக்குக் கம்பி ஓடுகிறது. அதன் முனையிலுள்ள திருகைக் கால் சுற்று முறுக்கிவிட்டு ஒருநாள் பொறுக்க வேண்டும், மரம் உடனே சொல் கேட்காது. மூன்று நாள் இப்படிப் போயிற்று. அடுத்தது குதிரை. பன்னிரண்டாவது மெட்டின் நேர்மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் மணி போன்ற ஒரு சுரம் வரும். அதே மெட்டை அழுத்தி மீட்டும்போது வரும் சுரமும் அதுவாகவே இருக்க வேண்டும். எனக்கு அழுத்திய சுரம் மயிரிழை ஏறி நின்றது. அப்படியானால் தந்தியின் நீளம் போதவில்லை, குதிரைத் துண்டைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளினேன், கேட்டேன், மறுபடியும் தள்ளினேன். நான்கு தந்திக்கும் ஒரு பின்னேரம் முழுவதும் பிடித்தது.

திருத்த முடியாத ஒன்றும் இருக்கிறது. முதல் தந்தியின் ஆறாவது மெட்டில் சுரம் பிறந்த உடனே ஒடுங்கிவிடுகிறது. கழுத்து மரமே அந்த அதிர்வை வாங்கிக்கொள்வதால் வருவது இது. இந்த வகைப் பேஸ்கள் பலவற்றில் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் இப்படி ஓர் இடம் உண்டு. நீண்டு ஒலிக்க வேண்டிய சுரமானால் அதை இரண்டாவது தந்தியில் பதினோராவது மெட்டில் எடுத்துக்கொள்கிறேன். அங்கே அது தடித்து, இன்னும் கனிவாகக் கேட்கிறது. வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒவ்வொரு மெட்டையும் மீட்டிப் பாருங்கள். அம்ப்ளிபயரை நிறுத்திவிட்டு, வாத்தியத்தின் விளிம்பில் தாடையை வைத்தும் கேளுங்கள். எலும்பு வழியாகக் கேட்கும். கரண்ட் இல்லாத வீட்டிலும் பேஸை இப்படிக் கேட்கலாம்.

எங்கள் ஊரில் இந்த வாத்தியத்துக்கு உறவு தேடினால் நாதஸ்வரத்துக்குச் சுருதியாக ஒரே சுரத்தை விடாமல் ஊதும் ஒத்துத்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. நல்லூரில் 25 நாள் திருவிழாவிலும் வீதியில் நாதஸ்வரத்தின் விரல்களைப் பார்ப்போம், தவில்காரரின் தோளைப் பார்ப்போம். ஒத்து ஊதுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. இன்று பல இடங்களில் அவருடைய வேலையைச் சுருதிப் பெட்டி செய்கிறது. 1960களில் அமெரிக்காவின் டெற்றொயிற் நகரில் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டியவர். உலகம் முழுவதும் ஆடிய பாட்டுகள் அவை. இசைத்தட்டு உறைகளில் நெடுங்காலம் அவர் பெயர் இல்லை. இசைக்குழு நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கீபோர்ட்டின் இடதுகைப் பக்கத்திலேயே பேஸை முடித்துக்கொள்ளலாம் என்று ஆளைக் குறைக்காதீர்கள். தந்தியில் விரல் படும் அந்தக் கணமும், விரலை எடுத்து ஓசையை நிறுத்தும் அந்தக் கணமும் சேர்ந்துதான் பாட்டை நடக்க வைக்கின்றன.

வாத்தியம் வந்த கிழமையே அண்ணாவுக்குக் கைபேசியில் அழைப்பெடுத்தேன். அவர் இப்போது கனடாவில் இருக்கிறார். டைனமோ சுற்றிக் கேட்ட அந்தப் பாட்டின் பேஸை வாசித்துக் காட்டினேன். "டொக் டொக் என்றுதான் கேட்கிறது, தம்பி" என்றார். கைபேசியின் ஒலிபெருக்கி எங்கள் கசெற் பெட்டியில் இருந்ததைவிடவும் சிறியது. ஆகவே பாட்டையும் பேஸையும் சேர்த்துப் பதிவு செய்து அனுப்பி, ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். அடுத்த நாள் காலையில் அவரே அழைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது அப்போதும் அதில் இருந்ததா?" என்று கேட்டார்.

இருந்தது என்றேன்.

வாத்தியத்தை நிலையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பெரிய ஒலிபெருக்கி உள்ளவர்கள் சற்றுக் கூட்டி வையுங்கள். சிறிய வானொலியில் கேட்பவர்களுக்கு அந்த வினாடிக்கு 41 அதிர்வு வந்து சேராது. ஆனால் 82, 123 என்று மேலே போகும் அதன் மடங்குகளில் உயர்ந்தவை வரும். அவற்றைக் கொண்டு அடிச்சுரம் எதுவென்று உங்கள் காது தானே கண்டுகொள்ளும். இதோ, நான்காவது தந்தி.