மறைப்பது உறவு அல்ல

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணித் தலைவர் வாத்தியார் ஐயாவுக்கும், வேலை முடிந்த கையோடு கோயில் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம்.

போர்ச் செய்தி எழுதுகிறவருக்குக் குடும்ப உறவு தடையா, துணையா என்பது இன்றைய தலைப்பு. தடைதான் என்று வாத்தியார் ஐயா அழகாகப் பேசிவிட்டுப் போனார். உறவு துணை என்று சொல்ல நான் எழுந்திருக்கிறேன்.

ஐயா முதலில் எடுத்து வைத்தது ஈத்தன் பிரோனர் விவகாரம். பின்னால் வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரோனர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜெருசலேம் அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர். அவருடைய மகன் இஸ்ரேல் ராணுவத்தில் சேர்ந்திருக்கிறார் என்பது 2010-ன் தொடக்கத்தில் தெரியவந்தது. வாசகர்களின் குறைகளை விசாரித்து எழுதும் பொறுப்பில் அதே பத்திரிகையில் இருந்த கிளார்க் ஹோய்ட், மகன் ராணுவத்தில் இருக்கும்வரை தகப்பனுக்கு வேறு பொறுப்பு கொடுங்கள் என்று எழுதினார். தலைமை ஆசிரியர் பில் கெல்லர் ஒப்புக்கொள்ளவில்லை. பிரோனர் அங்கேயே இருந்தார்.

ஐயா, இதில் வாசகனை உறுத்தியது எது? மகன் சீருடை போட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் செய்தியைப் பத்திரிகை தானாக முன்வந்து சொல்லவில்லை. எலக்ட்ரானிக் இன்டிபாடா என்ற வெளி இணையதளம் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வாசகனிடம் முதல் நாளே சொல்லியிருந்தால், அவன் ஒவ்வொரு வரியையும் அதைத் தெரிந்துகொண்டே படித்திருப்பான். மகன் இருக்கும் படைப்பிரிவைப் பற்றியே எழுத வேண்டி வந்தால் வேறொருவர் எழுதட்டும். சரி, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்த ஒரு விவகாரத்தை வைத்துக்கொண்டு, உறவு இருக்கிறவன் எல்லாரும் பேனாவை மூடு என்று சொன்னால் யார் வாயை அடைக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

அதே மண்ணின் மறுபக்கத்தைப் பாருங்கள். காஸாவில் அல் ஜசீரா தொலைக்காட்சியின் அலுவலகத் தலைவராக இருந்தவர் வாயில் அல்-தஹ்தூஹ். 2023 அக்டோபர் 25-ல் இஸ்ரேலின் குண்டுவீச்சில் அவருடைய மனைவி, ஒரு மகன், ஒரு மகள், பேரக்குழந்தை இறந்தார்கள். அவர் மறுபடியும் கேமரா முன்னால் வந்து நின்றார். டிசம்பரில் கான் யூனிஸில் நடந்த தாக்குதலில் அவரோடு போன ஒளிப்பதிவாளர் சாமர் அபு தக்கா இறந்தார். இவருக்குக் கையில் காயம். 2024 ஜனவரி 7-ல் மூத்த மகன் ஹம்சா, அவரும் செய்தியாளர், கொல்லப்பட்டார். வாத்தியார் ஐயாவின் சட்டப்படி இந்த மனிதர் அக்டோபர் 25-ஆம் தேதியே ஊமையாகியிருக்க வேண்டும். குண்டு போட்டவர்கள் செய்ய முடியாததை நம்முடைய நடுநிலை செய்து கொடுத்திருக்கும்.

உறவு என்றால் இரத்தம் மட்டும்தானா? 2003-ல் இராக் மீது படையெடுத்தபோது அமெரிக்க ராணுவம் 600-க்கும் மேற்பட்ட செய்தியாளர்களைத் தன் படைப்பிரிவுகளோடு சேர்த்தே அனுப்பியது. ராணுவ வண்டியில் பயணம், ராணுவச் சாப்பாடு, சிப்பாய் பக்கத்திலேயே படுக்கை. சுடப்பட்டால் காப்பாற்றப் போகிறவனும் அந்தச் சிப்பாய்தான். அந்த ஒட்டுதலை யாரும் உறவு என்று எழுதி வைக்கவில்லை. அவர்களிடம் போய், உனக்கு இதில் சொந்தபந்தம் உண்டா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அரபுக்காரனிடமும் தமிழனிடமும் மட்டும் இந்தக் கேள்வி முதலில் வருகிறது.

இனி நம் மலேசியாவுக்கு வருகிறேன். 1948 ஜூன் 16-ல் இதே சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் போராளிகளை ஒடுக்க, நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் மக்களை அடைத்து வைத்த முள்வேலியைப் பற்றி இந்த மண்டபத்தில் பல பேருக்குத் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள்.

அதே 1948 டிசம்பரில் சிலாங்கூரில், பத்தாங் காலி பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பிரிட்டிஷ் படையினர் ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடியபோது சுட்டோம் என்பது அரசு சொன்ன கதை. சொன்னவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. வாத்தியார் ஐயா கேட்கிற ‘உறவில்லாத கண்’ அதுதான். அன்றைய பத்திரிகைகள் அதை அப்படியே அச்சடித்தன. நடந்தது அது இல்லை என்று விடாமல் சொன்னவர்கள் புருஷனைப் பறிகொடுத்த பெண்களும், அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகளும். 1970-ல்தான் லண்டன் பத்திரிகை ஒன்றில், அந்தப் படையில் இருந்த சிப்பாய்களே வாய் திறந்தார்கள்: யாரும் ஓடவில்லை என்று. குடும்பங்கள் பிரிட்டன் நீதிமன்றம்வரை போயின. 2012-ல் உயர் நீதிமன்றம், திட்டமிட்டே சுட்டதாகக் கொள்ள ஆதாரம் இருக்கிறது என்று சொன்னது. ஆனால் விசாரணை நடத்தும்படி அரசுக்கு உத்தரவிடவில்லை. 2015-ல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. உறவில்லாதவர்கள் எழுதியது பொய்யாகப் போனது. 60 வருஷத்துக்கு மேல் உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது உறவு.

எதிரணியில் பேசிய தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார். நான் அதைத் தாண்டிப் போகப் போவதில்லை. உறவு இருந்தால் தன் ஆட்கள் செய்த தப்பை மூடி மறைப்பானே, ஈழத்தில் அதுதானே நடந்தது என்றார்.

ஈழத்தையே பேசுவோம். நம் தோட்டங்களில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு, அவர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. மயில்வாகனம் நிமலராஜன் பிபிசி தமிழோசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி தந்தவர். அந்த ஊர்க்காரர். அப்பா, அம்மா, உறவுக்காரச் சின்னப் பையன் எல்லாரும் இருந்த வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினார். 2000 அக்டோபர் தேர்தலில் தீவுப் பகுதிகளில் நடந்த ஓட்டு மோசடியை எழுதினார். அதைச் செய்தவர்களும் தமிழர்கள்தான் என்று தெரிந்தே எழுதினார். அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், அவர் எழுதிக்கொண்டிருந்த அறையின் சன்னல் வழியாகச் சுட்டார்கள். வீட்டுக்குள் குண்டு எறிந்தார்கள். பெற்றோரும் அந்தப் பையனும் காயப்பட்டார்கள். தம்பி, தன் இனத்துத் தப்பை உறவு மறைத்துவிடும் என்றீர்களே, இந்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

அப்புறம், இலங்கைப் போரின் கடைசிக் கட்டம் நடந்த வன்னி. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் வெளியேறினார்கள். செய்தியாளர்களை அரசு சுதந்திரமாக உள்ளே விடவில்லை. எத்தனை பேர் செத்தார்கள், எந்த மருத்துவமனையில் ஷெல் விழுந்தது என்று தொலைபேசியில் சொன்னவர்கள் அந்த மக்களோடு மக்களாகப் பதுங்குகுழியில் இருந்த மருத்துவர்களும் உள்ளூர்க்காரர்களும். போர் முடிந்ததும் அந்த மருத்துவர்களைப் பிடித்து வைத்தார்கள். 2009 ஜூலையில் செய்தியாளர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முன்பு சொன்னதெல்லாம் மிகை என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு ஜனவரியில் இருந்த உறவு ஜூலையிலும் இருந்தது. நடுவில் வந்து சேர்ந்தது காவல்.

புலிகள் மக்களைப் போக விடாமல் தடுத்ததும், பிள்ளைகளைக் கட்டாயமாகப் படைக்கு இழுத்ததும் 2011-ல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில் இருக்கிறது. அன்றைக்கே உள்ளிருந்து அது ஏன் உரக்க வரவில்லை? இனப்பாசம் என்கிறார் தம்பி. பிள்ளையை இழுத்துக்கொண்டு போனது எந்த வீட்டில்? அந்த உள்ளூர்க்காரனின் அக்கா வீட்டில். அவனுக்குப் பாசம் இருந்தால் முதலில் கத்த வேண்டியது அதற்குத்தானே? அவன் தொண்டையைப் பிடித்தது துப்பாக்கி. பயத்தின் பழியை உறவின் தலையில் கட்டாதீர்கள்.

எங்கள் சித்தப்பா தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபராக இருந்தார். வேலைநிறுத்தம் வந்தது. போர் இல்லைதான், ஆனால் இரண்டு பக்கம் இருந்தது, இரண்டு பக்கத்திலும் அவருக்கு ஆள் இருந்தது. ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் எடையைக் குறைத்து எழுதினார் என்று தொழிலாளர்கள் குற்றம் சொன்ன மண்டோர், அதாவது கங்காணி, அவருடைய மச்சான். ராத்திரியில் போய் மரத்துப் பட்டைகளைக் கண்டபடி கொத்திவிட்டு வந்த கூட்டத்தில் அவருடைய சொந்தத் தம்பி. சித்தப்பா தராசில் வாளியை வைத்து நிறுத்துப் பார்த்தார், கணக்குப் புத்தகத்தில் எழுதியிருந்ததோடு ஒத்துப் பார்த்தார். காயம்பட்ட மரங்களையும் வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தார். இரண்டையும் எழுதினார். மச்சான் வீட்டோடு ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லை. சித்தி திருவிழாவுக்குக்கூட அண்ணன் வீட்டுப் படி ஏற முடியவில்லை. ஆனால் ஒரு சொல் கூட்டிக் குறைத்து எழுதியிருந்தால் விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அத்தனை பேரும் சட்டையைப் பிடித்திருப்பார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்து மேனேஜர் பங்களாவில் டீ குடித்துவிட்டுப் போன நிருபருக்கு அந்தப் பெரட்டு கிடையாது. எழுதியதற்கு மறுநாள் முகம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத்தான் நான் உறவு என்கிறேன், நடுவர் ஐயா.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கச்சியிடம் ஒரே ஒரு கேள்வி. 2023 அக்டோபரில் போர் தொடங்கியதிலிருந்து வெளிநாட்டுச் செய்தியாளர்களைக் காஸாவுக்குள் சுதந்திரமாகப் போக இஸ்ரேல் விடவில்லை. ராணுவம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால்தான் உண்டு. அங்கே பிறந்து, அங்கே பெண்ணெடுத்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் எழுதக்கூடாது என்றால் வேறு யாரை எழுதச் சொல்வீர்கள்? பதிலை இந்த மேடையில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.