காலரா யாரோடு பயணம் போகிறது?

வணக்கம். காலரா என்றதும் கெட்ட தண்ணீர் என்று சொல்லிவிடுவோம், சரிதான், ஆனால் அந்தத் தண்ணீருக்குள் கிருமி எங்கிருந்து வந்தது என்பதுதான் நான் பேச வந்த விஷயம்.

விப்ரியோ காலரே என்ற இந்தப் பாக்டீரியாவில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை கழிமுகங்களில், மிதவை உயிரிகள் மேல் ஒட்டிக்கொண்டு, யாரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாமல் காலம் தள்ளுகின்றன. கொள்ளைநோயாகப் பரவியவை ஓ1, ஓ139 என்ற இரண்டுதான். இன்று உலகம் சுற்றுவது ஓ1-இல் எல் டோர் என்ற ரகம். 1961-இல் இந்தோனேசியாவின் சுலாவெசியில் கொள்ளைநோயாக வெடித்து, 1970-இல் மேற்கு ஆப்பிரிக்கா, 1991-இல் பெரு என்று போய், இன்னும் ஓயவில்லை.

கடல் சூடாகும்போது உள்ளூர்க் கிருமியே தலைதூக்குகிறது என்று ஒரு கட்சி, மனிதன்தான் சுமந்து வருகிறான் என்று இன்னொரு கட்சி. வழக்கைத் தீர்க்க உதவியது மரபணு வரிசை, அதாவது கிருமியின் டி.என்.ஏ.வில் வேதி எழுத்துகள் அடுக்கியிருக்கும் வரிசை. சுமார் 40 லட்சம் எழுத்துகள் கொண்ட அந்த வரிசையில் ஆண்டுக்கு ஒரு சில எழுத்துகள் மாறும். அவற்றை ஒப்பிட்டால் எந்த ரகம் எதற்குச் சொந்தம் என்று வம்சாவளியே போட்டுவிடலாம். அப்படிப் போட்டுப் பார்த்து 2011-இல் வெளியான ஆய்வு, எல் டோர் வங்காள விரிகுடாப் பகுதியிலிருந்து மூன்று அலைகளாகக் கிளம்பிப்போனதைக் காட்டியது. ஆப்பிரிக்காவுக்குள்ளும் அது ஒரே ஒரு தடவை நுழைந்து தங்கிவிடவில்லை, ஆசியாவிலிருந்து திரும்பத் திரும்பப் போயிருக்கிறது.

ஹைத்தியைப் பாருங்கள். 2010 ஜனவரியில் நிலநடுக்கம், அக்டோபரில் காலரா. நூறு வருஷமாக அங்கே பதிவாகாத நோய். பூகம்பம் கிளப்பிவிட்டது, கடல் வெப்பம் என்றெல்லாம் பேச்சு வந்தது. ஆனால் முதல் நோயாளிகள் ஆர்த்திபோனித் ஆற்றின் கிளையோடை ஒன்றின் கரையோரத்தில் இருந்தார்கள், மேலே ஐ.நா. அமைதிப்படையின் முகாம், நேபாளத்திலிருந்து புதிதாக வந்த வீரர்கள், கழிவு போய்ச் சேர்ந்த இடம் அந்த ஓடை. நேபாளக் கிருமியையும் ஹைத்திக் கிருமியையும் ஒப்பிட்டபோது சிலவற்றில் ஓரிரு எழுத்துகள்தான் வித்தியாசம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? 8 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. மன்னிப்புக் கேட்டதோ 2016 டிசம்பரில்.

நான் மனிதன் சுமக்கிறான் என்ற கட்சிதான். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு மேல் ஓய்ந்திருந்த ஹைத்தியில் 2022 அக்டோபரில் காலரா மறுபடி வந்தது, வரிசைப்படுத்திப் பார்த்தால் அது 2010-இல் வந்த ரகத்தின் வாரிசு. இடையில் கண்ணில் படாமல் மனிதர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்ததா, தண்ணீரில் ஒளிந்திருந்ததா என்ற கேள்வியில் தண்ணீர்க் கட்சிக்காரர்கள் இன்னும் வாதாடலாம்.