ஒரு ஊர் மட்டும் நிறுத்தினால் போதுமா? செனகல் கிராமங்களில் நடந்தது

[திரையில்: மேற்கு ஆப்பிரிக்க வரைபடம். செனகல் பெரிதாகிறது. தலைநகர் டக்கருக்குத் தெற்கே ம்பூர் என்ற கடலோர ஊர். அதன் அருகே ஒரு சிவப்புப் புள்ளி.]

1997 ஜூலை 31. மாலிக்கூண்டா பம்பாரா என்ற கிராமம். பத்திரிகையாளர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எதிரே அந்த ஊர்ப் பெண்கள் எழுந்து, இனி எங்கள் ஊரில் எந்தப் பெண் குழந்தைக்கும் பிறப்புறுப்பை அறுக்க மாட்டோம் என்று அறிவிக்கிறார்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் செய்தி வெளியே வந்ததும் அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது வசவுதான். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். வீட்டுக்குள் பேசவே கூசுகிற விஷயத்தை ஊரறியச் சொல்லிவிட்டார்கள், முன்னோர் வழக்கத்துக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று ஏச்சு. உண்மையான கதை அந்த வசவிலிருந்துதான் தொடங்குகிறது.

சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். பேசப்போகும் விஷயம் அப்படி.

[திரையில்: வெறும் எழுத்துகள் மட்டும். படம் வேண்டாம்.]

பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு என்று இதைச் சொல்கிறார்கள். மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல், பெண் குழந்தையின் வெளி உறுப்பில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ வெட்டி எடுப்பது. சில இடங்களில் வெட்டியபின் தைத்தும் விடுவார்கள். ரத்தப்போக்கு, சீழ், பிற்காலத்தில் பிரசவச் சிக்கல் என்று பின்விளைவுகள் நீளமானவை. சில குழந்தைகள் உயிரோடு மீள்வதில்லை. இன்று உயிரோடிருக்கும் பெண்களில் 23 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதற்கு ஆளானவர்கள் என்பது யுனிசெஃப் 2024-இல் வெளியிட்ட மதிப்பீடு. அதில் ஆப்பிரிக்காவில் மட்டும் 14 கோடிக்கு மேல். ஆசியாவில் 8 கோடி. ஆகவே, இது எங்கோ ஆப்பிரிக்கக் காட்டுக்குள் நடப்பது என்று யாரும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். இந்தோனேசியாவில் உண்டு, இந்தியாவில் தாவூதி போரா சமூகத்தில் உண்டு, இலங்கை முஸ்லிம்களில் ஒரு பகுதியினரிடமும் உண்டு.

செனகலிலும் எல்லாரிடமும் இந்த வழக்கம் கிடையாது. நாட்டின் மிகப் பெரிய இனமான வோலோஃப் மக்களிடம் பெரும்பாலும் இல்லை. பம்பாரா, மண்டிங்கா, ஃபுலா, சோனின்கே மக்களிடம் இருக்கிறது. ஒரே நாடு, ஒரே மதம், பக்கத்துப் பக்கத்து ஊர். அப்படியிருந்தும் ஒரு வீட்டில் உண்டு, அடுத்த வீட்டில் இல்லை.

சரி, பெற்ற தாயே ஏன் இதைச் செய்விக்கிறாள்? கொடூரம் என்று சொல்லிவிட்டால் விடை சொன்னதாக ஆகாது. இந்த வழக்கம் உள்ள பல இடங்களில், அறுக்கப்படாத பெண் சுத்தமில்லாதவள். அவள் சமைத்ததைச் சாப்பிட மாட்டார்கள், அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அவளுக்கு மாப்பிள்ளை அமைவது கஷ்டம். விவசாயத்தையும் குடும்பத்தையும் தவிர வேறு பிழைப்பே இல்லாத ஊரில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் என்ன ஆகும் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். மகள்மேல் பாசம் இல்லாததால் அவள் கத்திக்காரியைக் கூப்பிடவில்லை. மகளை ஊர் ஒதுக்கிவிடக்கூடாதே என்றுதான் கூப்பிடுகிறாள்.

இதை மறந்துவிட்டு, வெளியிலிருந்து வந்து ‘காட்டுமிராண்டிகளே, நிறுத்துங்கள்’ என்று போஸ்டர் ஒட்டியவர்கள் நிறைய பேர். அவர்கள் ஒட்டிய போஸ்டர்தான் கிழிந்தது.

[திரையில்: மரநிழல், வட்டமாக விரித்த பாய்கள், நடுவில் படஅட்டைகள்.]

1974-இல் மோலி மெல்ச்சிங் என்ற அமெரிக்க மாணவி டக்கர் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். வோலோஃப் மொழியைக் கற்றுக்கொண்டு, 1980-களில் சாம் ன்ஜாய் என்ற கிராமத்தில் சில ஆண்டுகள் குடியிருந்தார். செனகலில் பள்ளி மொழி பிரெஞ்சு. கிராமத்துப் பெண்களில் மிகப் பலர் பள்ளிப் பக்கமே போகாதவர்கள். அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே, பாட்டு, நாடகம், பேச்சு வழியாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று அங்கே செய்து பார்த்ததுதான் பிறகு ஒரு பாடத்திட்டமாக உருவெடுத்தது. 1991-இல் டோஸ்டான் என்ற அமைப்பு தொடங்கியது.

அந்த வகுப்பை நீங்கள் நினைக்கிற முதியோர் கல்வி வகுப்போடு சேர்த்துப் பார்க்காதீர்கள். கரும்பலகையும் ‘அ, ஆ’வும் முதலில் வருவதில்லை. பாடம் நடத்துபவர் அதே இனத்தைச் சேர்ந்தவர், அதே மொழி பேசுபவர். அந்த ஊரிலேயே குடியிருப்பார். அவருக்கு இடமும் சாப்பாடும் கொடுப்பது ஊர். அப்படி ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டால்தான் வகுப்பே. திட்டம் முழுதாக முடிய ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகும். முதல் கட்டம் முழுக்க வாய்ப்பேச்சு: நம் ஊர் எப்படி இருக்க வேண்டும், அதற்கு யார் என்ன செய்ய வேண்டும், மனித உரிமை என்றால் என்ன, கிருமி என்றால் என்ன, குழந்தைக்குத் தடுப்பூசி எதற்கு. எழுத்தும் கணக்கும் அதன் பிறகுதான். பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு, இளவட்டங்களுக்கு ஒரு வகுப்பு.

மனித உரிமைப் பகுதி ஆரம்பத்தில் இல்லை. 1990-களின் நடுவில் சேர்த்தார்கள். எனக்கென்னவோ இந்த முழுக் கதையிலும் முக்கியமான திருப்பம் இதுதான் என்று தோன்றுகிறது. அதற்கு முன் சுகாதாரப் பாடத்தில், இந்தப் பழக்கம் உடம்புக்குக் கெடுதல் என்று மட்டும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘அப்படியா, அப்போ சுத்தமான பிளேடு வாங்குவோம், நர்ஸை வைத்துச் செய்வோம்’ என்று ஊர் முடித்துவிடும். எகிப்து போன்ற நாடுகளில் அப்படித்தான் இது கத்திக்காரியிடமிருந்து டாக்டர் கைக்கு மாறியது. என் உடம்பு என்னுடையது, என் கருத்தைச் சபையில் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அந்த உரிமையோடு சேர்ந்து எனக்கு ஒரு கடமையும் உண்டு என்று ஒரு பெண் முதலில் நினைக்கப் பழகினால்தான், ‘எப்படி அறுப்பது’ என்ற கேள்வி ‘ஏன் அறுக்கிறோம்’ என்று மாறும்.

மாலிக்கூண்டா பம்பாராவில் அறுப்பைப் பற்றிய பாடம் வந்த நாளில் வகுப்பு சுலபமாகப் போகவில்லை. அறுத்ததால் இறந்துபோன ஒரு சிறுமியின் கதை பாடத்தில் வரும். கதையைக் கேட்டபின் அதை நாடகமாக நடிக்க வேண்டும். மற்றப் பாடங்களுக்கெல்லாம் முண்டியடித்துக்கொண்டு நடித்த பெண்கள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பாடம் நடத்தியவர் அவர்களைத் திட்டவும் இல்லை, பாடத்தைத் தாண்டிப் போகவும் இல்லை. அடுத்த வகுப்பில் மறுபடி அதே கதை. ஒரு கட்டத்தில் ஒருத்தி தன் வீட்டில் நடந்ததைச் சொல்ல ஆரம்பிக்க, மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, ரத்தம் நிற்காமல் போனது எல்லாம் ஏதோ தீய சக்தியின் வேலை என்றே அதுவரை நம்பியிருந்தவர்கள், அவற்றையும் அறுப்பையும் முதன்முறையாக முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு மதப் பெரியவரிடம் போய் மார்க்கத்தில் இது கட்டாயமா என்று விசாரித்தார்கள். மருத்துவச்சியிடம் கேட்டார்கள். கணவன்மார்களிடம் பேசினார்கள். அதற்கெல்லாம் பிறகு வந்ததுதான் அந்த ஜூலை 31.

அப்புறம் வசவு.

[திரையில்: மண் சாலை. மூன்று பேர் நடந்து போகிறார்கள். தூரத்தில் அடுத்த ஊர்.]

இங்கேதான் தெம்பா ஜவாரா வருகிறார். கேர் சிம்பாரா என்ற ஊரின் பெரியவர், இமாம். பள்ளிக்கூடம் கண்டவரல்ல. மாலிக்கூண்டாப் பெண்கள் செய்தது அவருக்கு முதலில் உவப்பாக இல்லை. ஆனால் ஊரில் பெண்களிடம் விசாரித்துப் பார்த்தபோது, ஆண்கள் காதுக்கு அதுவரை வராத விஷயங்கள் வந்தன. மனம் மாறினார். மாறியவர் மெல்ச்சிங்கிடம் போய்ச் சொன்னதன் சாரம் இது: ஊர் வேறு, உறவு வேறு. எங்கள் குடும்பம் ஒரு ஊருக்குள் அடங்கியதல்ல, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற எல்லா ஊர்களும் சேர்ந்ததுதான் எங்கள் குடும்பம். அவர்களைக் கேட்காமல் ஒரு ஊர் மட்டும் முடிவெடுத்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளை யார் கட்டுவார்கள்?

சொன்னதோடு நிற்கவில்லை. தன் உறவுக்காரர் ஒருவரையும், முன்பு அறுக்கும் தொழில் செய்துவந்த ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு, சொந்தபந்தம் இருக்கிற 10 ஊர்களுக்கு நடந்தே போனார். போனவுடன் விஷயத்துக்கு வரவில்லை. முதலில் நலம் விசாரிப்பு, அறுந்துபோன உறவுகளைப் புதுப்பிப்பு. அதன் பிறகுதான் பேச்சு. நம்மூரில் சம்பந்தம் பேசப் போகிற பெரியவர் எப்படிப் போவாரோ, அப்படி.

1998 பிப்ரவரி நடுவில் ஜாபூகு என்ற ஊரில் 13 கிராமங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். பெண்கள், ஆண்கள், இமாம்கள், ஊர்த் தலைவர்கள். எல்லா ஊரும் சேர்ந்து ஒரே நேரத்தில் நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். இந்த முறை தனித்து நின்று ஏச்சு வாங்க எந்த ஊரும் இல்லை.

[திரையில்: வட்டங்களும் கோடுகளும். ஒவ்வொரு வட்டமும் ஒரு ஊர், ஒவ்வொரு கோடும் ஒரு கல்யாணம்.]

ஜெர்ரி மேக்கி என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர் 1996-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். சீனாவில் பெண் குழந்தைகளின் பாதத்தைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருந்தது. அது ஒரே தலைமுறையில் மறைந்தது எப்படி என்று ஆராய்ந்த கட்டுரை. அங்கே பெற்றோர்கள் சங்கம் வைத்தார்கள். என் மகளின் பாதத்தைக் கட்ட மாட்டேன் என்பதோடு, என் மகனுக்குப் பாதம் கட்டிய பெண்ணை எடுக்க மாட்டேன் என்றும் சத்தியம் செய்தார்கள். இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதி நிற்காது. கல்யாணச் சந்தையில் போதுமான பேர் ஒன்றாக மாறிவிட்டால், பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் நஷ்டம். மேக்கி ஏட்டில் போட்ட கணக்கும் பள்ளிக்கூடம் காணாத இமாம் கால்நடையாய்ப் போட்ட கணக்கும் ஒரே விடையில் வந்து நின்றன. இரண்டு பேருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு அதுவரை தெரியாது.

அதன் பிறகு டோஸ்டான் தன் வழியையே மாற்றிக்கொண்டது. வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் வெளியே ஒருவரைத் தத்தெடுத்து, கற்றதைச் சொல்ல வேண்டும். ஒரு ஊர் பக்கத்து ஊர்களை, முக்கியமாகச் சம்பந்தி ஊர்களை, தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் 17 பேர் கொண்ட ஒரு குழு. அதில் குறைந்தது 9 பேர் பெண்கள். அறுப்பை நிறுத்துவது அந்தக் குழுவின் ஒரு வேலை, அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழ் இல்லாத குழந்தைகளுக்கு அதை வாங்கிக் கொடுப்பது, தடுப்பூசிக்கு அழைத்துப் போவது, ஊரைச் சுத்தம் செய்வது, சின்னச் சின்னக் கடன் கொடுப்பது என்று அன்றாடம் ஓடுகிற வேலைகள்தான் அதிகம். இந்த வேலைகளில்தான் பெண்கள் சபையில் பேசிப் பழகுகிறார்கள். உரிமை என்ற பெரிய சொல் ஒரு சான்றிதழாக, ஒரு கையெழுத்தாகக் கைக்கு வருவது இங்கேதான்.

[திரையில்: செனகல் நாடாளுமன்றம்.]

1999 ஜனவரியில் செனகல் அரசு சட்டம் போட்டது. அறுத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கிராமங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கவலை. இதுவரை மரத்தடியில் வெளிப்படையாகப் பேசிய விஷயம், போலீஸ் பயத்தில் கதவுக்குள் போய்விடுமோ என்று. அந்தப் பயம் வீண்போகவில்லை. பேச்சு நடந்திராத பகுதிகளில் ரகசியமாகத் தொடர்ந்தவர்கள் உண்டு.

கணக்கையும் பார்த்துவிடுவோம். எட்டு நாடுகளில் 8,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் இப்படி அறிவித்திருக்கின்றன என்கிறது டோஸ்டான். ஆனால் செனகலின் தேசியக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் அறுக்கப்பட்டவர்கள் 2005-இல் 28 சதவீதம், 2019-இல் சுமார் 25 சதவீதம். இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். ஒரு பகுதி விளக்கம் எளிது: 2019-இல் 40 வயதான பெண்ணுக்கு அது நடந்தது இந்த அறிவிப்புகளுக்கெல்லாம் முன்பு. அவரைக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. இன்னொரு பகுதியைப் பூசி மெழுகக்கூடாது. மேடையில் அறிவித்த ஊரில் எல்லா வீடும் நிறுத்திவிட்டது என்று அர்த்தமில்லை. அறிவிப்புகளை எண்ணுவது எளிது, அறுக்கப்படாத குழந்தைகளை எண்ணுவது கடினம். நன்கொடையாளர்களுக்குப் பிடித்தது முதல் எண்.

[திரையில்: வரைபடம். செனகலின் வயிற்றுக்குள் நீளமாக காம்பியா.]

காம்பியா செனகலுக்குள் செருகியது போல இருக்கும் நாடு. எல்லைக்கு இரு புறமும் அதே மண்டிங்கா, அதே ஃபுலா, இங்கிருந்து அங்கே பெண் கொடுக்கிறார்கள். அங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 73 சதவீதம் பேர் அறுக்கப்பட்டவர்கள். 2015-இல் தடைச்சட்டம் வந்தது. பல ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. 2023-இல் முதல்முறையாக மூன்று பெண்களுக்கு அபராதத் தண்டனை விதித்தார்கள். அந்த அபராதத்தை ஓர் இமாம் முன்வந்து கட்டினார். அடுத்த ஆண்டே சட்டத்தை நீக்க ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. 2024 ஜூலையில் அது தோற்றது. சட்டம் நிலைத்தது.

அந்த மசோதாவை எதிர்த்து நின்றவர்களில் அறுக்கப்பட்ட பெண்களே முன்னால் இருந்தார்கள். தங்கள் உடம்புக்கு நடந்ததைக் குழு விசாரணையிலும் கேமரா முன்னும் சொன்னார்கள். தெற்கு செனகலில் கோல்டா பக்கம் ஒரு ஊர் நிறுத்துவதாகச் சத்தியம் செய்தாலும், அதன் சம்பந்தி ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் காம்பியாவில் இருந்தால், பேச்சை அங்கேயும் கொண்டுபோக வேண்டும். டோஸ்டான் 2007 வாக்கில் காம்பியாவின் கிழக்குப் பகுதியிலும் வகுப்புகளைத் தொடங்கியது. எல்லை தாண்டிய பேச்சிலும் முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டியது சம்பந்தி வீட்டாரைத்தான்.