ஒரு சம்மேளனம், இரண்டு சட்டப் புத்தகம்

அவையோருக்கு வணக்கம்.

இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் வரலாறு என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். தலைவர்களின் பெயர்களை வரிசையாக வாசித்துவிட்டு இறங்கிவிடலாம். அதனால் யாருக்கும் பயன் இராது. 2023இல் உலக உதைபந்தாட்டத்தை ஆளும் பீஃபா 218 நாள் நம்மைத் தள்ளிவைத்தது அல்லவா, அது எப்படி நேர்ந்தது என்று விளங்கினால் போதும்.

பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கம் அமைந்தது 1939இல். பீஃபாவில் சேர்ந்தது 1952இல். அதே ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கும் மோதிய கொழும்புக் கிண்ணம் இங்கே தொடங்கியது. பிறகு ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று 1955 வரை சுற்றி வந்து நின்றுபோனது. முதல் தடவை இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்தன; மற்ற மூன்றையும் இந்தியாவே கொண்டுபோனது. நமக்குக் கிடைத்தது பெயரில் கொழும்பு மட்டும். கணக்குத் தீர 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில், சுகததாச அரங்கில், இந்தியாவை 1-0 என்று வென்றோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் வந்த நாளிலிருந்து இந்தச் சம்மேளனம் இரண்டு புத்தகங்களைக் கையில் வைத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி எந்தத் தேசியச் சங்கமும் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவை இடைநிறுத்தவோ இரத்துச் செய்யவோ விளையாட்டுத்துறை அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் போடலாம். சங்கத்தை நடத்த ஆட்களையும் நியமிக்கலாம். தேசிய அணி விமானம் ஏறுமுன் வீரர் பட்டியலில் அமைச்சரின் அனுமதி விழ வேண்டும்.

மற்றப் புத்தகம் பீஃபாவின் யாப்பு. அதன் 14ஆம், 19ஆம் உறுப்புரைகள், அங்கத்துவச் சங்கம் தன் காரியத்தை வெளியார் தலையீடின்றித் தானே நடத்த வேண்டும் என்கின்றன. இதில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. தலையீட்டுக்குச் சங்கம் காரணமாக இல்லாவிட்டாலும் தண்டனை சங்கத்துக்குத்தான். அநியாயம் என்று தோன்றும். ஆனால் பீஃபாவால் ஓர் அரசைத் தண்டிக்க முடியாது. அதன் கைக்கு எட்டுவது சங்கத்தின் கழுத்து மட்டுமே.

இரண்டு புத்தகங்களும் முட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் தேர்தல்தான். பீஃபாவின் ஒழுங்கு இப்படி: முதலில் யாப்பைத் திருத்தி, பீஃபாவும் ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனமும் பார்த்த பிறகு, பொதுச்சபை நிறைவேற்ற வேண்டும். அடுத்து அதே பொதுச்சபை தேர்தல் குழுவையும் மேன்முறையீட்டுக் குழுவையும் தெரிவுசெய்ய வேண்டும். வேட்புமனுவும் வாக்களிப்பும் அதற்குப் பிறகுதான். அமைச்சின் ஒழுங்குவிதிகளும் தேர்தலைப் பற்றிப் பேசுகின்றன. போட்டியிடத் தகுதி யாருக்கு, அதைத் தீர்ப்பது யார் என்ற கேள்விக்கு இரண்டு விடை வந்தால் செயலாளர் என்ன செய்வார்? வர்த்தமானிக்குப் பணிந்தால் பீஃபாவிடம் குற்றம். பீஃபாவுக்குப் பணிந்தால் பதிவு போகும். பதிவு போனால் இந்நாட்டில் அது தேசியச் சங்கமே அல்ல.

2023 ஜனவரி 14இல் நடந்த தேர்தல் இந்தப் பொறியில் போய் விழுந்தது. வெளித்தலையீடு என்று முடிவெடுத்து, 16ஆம் உறுப்புரைப்படி ஜனவரி 21 முதல் இடைநிறுத்தினார்கள். அந்த உறுப்புரைப்படி, அங்கத்துவச் சங்கங்கள் எல்லாம் சேரும் மாநாடு கூடும்வரை காத்திராமல் பீஃபாவின் சபையே உடனடியாகத் தற்காலிகமாக நிறுத்தலாம்.

இழப்பைச் சொல்கிறேன். இடைநிறுத்தப்பட்ட சங்கத்தோடு மற்ற நாடுகள் ஆடக் கூடாது. கழகங்களுக்கும் அதுவே விதி. பயிற்றுநர், மத்தியஸ்தர் பாடநெறிகள் நின்றன. பெங்களூரில் ஜூன் மாதம் தொடங்கிய தெற்காசியக் கிண்ணம் நாம் இல்லாமல் நடந்தது. லெபனானும் குவைத்தும் விருந்தாளிகளாக வந்து ஆடின. பணத்தைப் பார்த்தால், பீஃபாவின் ஃபோர்வர்ட் திட்டத்தில் 2023 முதல் 2026 வரை ஒரு சங்கத்துக்கு உச்சமாக 80 இலட்சம் டொலர்: நடைமுறைச் செலவுக்கு 50 இலட்சம், கட்டுமானம் போன்ற திட்டங்களுக்கு 30 இலட்சம். தடையில் இருப்பவர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. 211 அங்கத்துவச் சங்கங்கள் உள்ள பீஃபாவில் தரவரிசை 207ஐத் தொட்டிருந்த நமக்கு இது சின்ன விஷயமல்ல.

இந்தியாவையும் வெளித்தலையீடு என்றே 2022 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். இரண்டு வாரம் ஆகுமுன், 26ஆம் திகதி, தடை நீங்கியது. அங்கே இழப்பதற்கு ஒக்டோபரில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணம் இருந்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், சங்கத்தை நடத்தத் தான் நியமித்த நிருவாகக் குழுவை விரைந்து கலைத்தது. நம்மிடம் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று மேலிடத்தில் நினைத்தார்கள் போலும். கிரிக்கெட்டுக்கு அதே அடி 2023 நவம்பரில் விழுந்தபோதுதான் நாடே அலறியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது.

அமைச்சர் மட்டுமே குற்றவாளி என்று கைகழுவவும் வேண்டாம். சம்மேளனத்தில் வாக்கு, உள்ளூர்ப் போட்டிகளை நடத்த வேண்டிய லீக்குகளின் பேராளர்களிடம் இருக்கிறது. வாரந்தோறும் ஆட்டம் நடத்தும் லீக்குக்கும் ஆட்டமே இல்லாமல் மைதானத்தில் புல் மண்டிக் கிடக்கும் லீக்குக்கும் வாக்கின் எடை ஒன்றே என்றால், பேராளரைப் பிடிப்பவருக்குப் பந்தைப் பற்றிக் கவலை ஏது? உள்ளே சண்டை முற்றி, தோற்றவர் அமைச்சின் படியேறும்போதுதான் 1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வேலை வருகிறது.

ஆகஸ்ட் 27இல் தடை நீங்கியது. செப்டம்பர் இறுதியில் புதிய தேர்தல். தடை நீங்கி 46ஆம் நாள், ஒக்டோபர் 12இல், உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் யேமனிடம் 3-0 என்று தோற்றோம். ஐந்து நாள் கழித்துக் கொழும்பில் 1-1. ஏழு மாதம் தடையில் கிடந்த அணி அது.